முதலில் நெட்வொர்க், பிறகு டிஸ்க்

1

இந்தக் கதை ஒரு பக்க அறிக்கையாக இருந்திருக்க வேண்டியது. என் தங்கை என்னிடம் கேட்டது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டுச் சமையலறையில், ஈரத் துணியால் மேடையைத் துடைத்தபடியே கேட்டாள். "நீ எழுதுறவன்தானே அண்ணா, ஒரு பக்கம் எழுதிக் குடு. எனக்கு வார்த்தையே வரமாட்டேங்குது" என்றாள். என் வீட்டுக்கு வந்தால் அவள் எதையாவது துடைக்காமல் உட்கார மாட்டாள். ஆனால் அன்று துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சரி என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்துவிட்டது. அறிக்கையில் வெயிலெல்லாம் வரக் கூடாது என்றாள். அடித்தேன். அடுத்த வரியில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அதையும் அடித்தேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பியபோது என் கையில் அறிக்கை இல்லை. அடித்த வரிகள் மட்டும் மூன்று பக்கம் இருந்தன. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த மூன்று பக்கத்திலிருந்து வளர்ந்தது.

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, என் தங்கை வேலை பார்க்கும் காது மருத்துவமனையில், ஒருவருடைய வேலை இருக்குமா போகுமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். அவர் செய்ததாகச் சொல்லப்படும் தவறை அவர் செய்யவில்லை. யார் செய்தது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று, செய்தவர். இன்னொன்று, நான்.

(செய்தவர் யார் என்பதை ஆறாம் பகுதி வரைக்கும் மறைத்துவைக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அந்தத் திட்டத்தைக் கைவிடுகிறேன். ஒருவரின் பிழைப்பை வைத்துக்கொண்டு உங்களோடு கண்ணாமூச்சி ஆட எனக்கு மனமில்லை. செய்தது என் தங்கை.)

2

முதல் ஆரம்பம்: "சர்வர் அறையின் குளிர் அவளுடைய முழங்கைகளில் ஊசியாக—"

விட்டுவிட்டேன். சர்வர் அறையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் குளிரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். குளிர்கூடப் பழகிவிடும், இரைச்சல்தான் பழகவே பழகாது என்கிறாள் தங்கை. அத்தனை விசிறிகளின் சத்தத்துக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால், எல்லோரும் தன்னைப் பற்றிக் கிசுகிசுக்கிற மாதிரி இருக்குமாம்.

இரண்டாவது ஆரம்பம்: "விழித்தெழும் ஒவ்வொரு இயந்திரமும் தன்னையே கேட்டுக்கொள்கிறது, நான் யார் என்று—"

இதையும் விட்டுவிட்டேன். எந்த இயந்திரமும் அப்படிக் கேட்பதில்லை. அது கேட்பது ரொம்பச் சாதாரணமான கேள்வி: எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

இதைப் புரியவைக்காமல் கதை நகராது, இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வரை ஆன் செய்ததும் அதில் இருக்கும் பெரிய புரோகிராம்கள் எதுவும் உடனே ஓடாது. முதலில் விழிப்பது அதன் பலகையிலேயே பதித்து வைத்திருக்கும் ஒரு சின்னப் புரோகிராம். அதை ஃபர்ம்வேர் என்கிறார்கள். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். முதலில் டிஸ்க்கில் பார், அங்கே ஒன்றும் இல்லையென்றால் நெட்வொர்க்கில் கேள், அதிலும் இல்லையென்றால் செருகியிருக்கும் பென் டிரைவைப் பார், இப்படி. பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் முதலில் போய்த் தட்டும். அங்கே யாராவது பதில் சொல்லிவிட்டால் அடுத்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்காது.

இந்தப் பட்டியலை மீற இரண்டு வழிகள் உண்டு. ஆன் செய்தவுடன் சில வினாடிகளுக்குள் ஒரு விசையை அழுத்தினால் பூட் மெனு வரும். அதில் தேர்ந்தெடுப்பது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான் செல்லும். மறுமுறை எல்லாம் பழையபடி. வேறொரு விசையை அழுத்தினால் அமைப்புகளுக்குள் போகலாம். அங்கே பட்டியலையே மாற்றி அடுக்கலாம். அப்படி மாற்றியது, யாராவது திருப்பி மாற்றும்வரை அப்படியே இருக்கும்.*

* இதை எழுதியதும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு நாளா நான் என்ன வேலை பாக்குறேன்னு உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்று கேட்டாள். பதினான்கு வருடமாகப் பார்க்கிறாள்.

3

மூன்றாவது ஆரம்பத்தின் மீது எனக்கு அபார நம்பிக்கை இருந்தது. அதில் என் தங்கை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் முன்னால் நிற்கிறாள். பட்டியலில் நெட்வொர்க் மேலே இருக்கிறது, நெட்வொர்க்கில் ஆபத்து காத்திருக்கிறது. பட்டியலைச் சரிசெய்ய வேண்டுமென்றால் சர்வரை அணைத்து ஆன் செய்தாக வேண்டும். ஆன் செய்ததும் ஐந்தே வினாடிகளில் விசையை அழுத்தவில்லை என்றால் எல்லாம் அழிந்துவிடும். "அவள் விரல் விசையின் மேல் நடுங்கியது. ஐந்து. நான்கு. மூன்று—" என்று இரண்டு பக்கத்துக்கு இழுத்திருந்தேன்.

கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நெட்வொர்க் வயரைப் பிடுங்கிட்டா என்ன?" என்றாள்.

பிடுங்கலாமா என்று கேட்டேன். வயர் பின்பக்கம்தான் இருக்கிறது, கிளிப்பை அழுத்தி இழுத்தால் கையோடு வந்துவிடும் என்றாள். அதன் பிறகு ஐந்து வினாடி என்ன, ஐந்து நாள் ஆனாலும் ஒன்றும் ஆகாதாம். என் இரண்டு பக்கப் பரபரப்பு ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் முடிந்துபோனது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆனா நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் சின்னப்பிள்ளை இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கதையின் ஆபத்து விசையில் இல்லை. நடக்க வேண்டிய நாசம் எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் நடக்கவேண்டியது ஒரு ஆள் வாயைத் திறப்பது மட்டும்தான்.

4

பழி விழுந்த மனிதரை மருத்துவமனையில் நிதானம் என்று அழைப்பார்கள். முகத்துக்கு நேராகவே அழைப்பார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒப்பந்தத்தில் சேர்ந்த தொழில்நுட்ப ஊழியர். எதையும் அழுத்துவதற்கு முன்னால் திரையில் இருப்பதை வாய்விட்டு ஒருமுறை படிப்பார். அழுத்திய பிறகு மறுபடி ஒருமுறை படிப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஆறு வருடத்தில் அவர் தொட்டு எதுவும் கெட்டதில்லை.

நான் அவரை இப்படி எழுதியிருந்தேன்: "மெலிந்த தேகம். தடித்த கண்ணாடி. உலகத்தின் பாரம் முழுவதும் அவருடைய தோள்களில்—"

தங்கை கையை உயர்த்தி நிறுத்தினாள். அவர் ஒல்லி இல்லையாம். கண்ணாடியும் கிடையாது. நாற்பத்தொரு வயது, தலைக்குச் சாயம் அடிக்கிறவர், அவர் வருவதற்கு முன்னாலேயே அவருடைய சென்ட் வாசனை வந்துவிடும். வண்டி நிறுத்தும் இடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றுவார், சுதி சேரவே சேராது. "உன் கதையில தப்பு பண்ணாதவங்க எல்லாரும் ஏன் மெலிஞ்சே இருக்காங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. வாசகருக்கு அவர்மேல் இரக்கம் வரவேண்டுமென்று நான் அவரைப் பட்டினி போட்டிருந்தேன். திருத்திவிட்டேன். சென்ட் அடித்துக்கொண்டு சுதி சேராமல் பாடும் ஒரு பருத்த மனிதருக்கும் அநியாயம் நடக்கலாம் என்பதை நீங்கள் தயவுசெய்து நம்ப வேண்டும்.

5

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் ஜோடனை இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. புறநோயாளிகள் வராத நாள். கேட்கும் திறன் சோதனைகளின் முடிவுகளை வைத்திருக்கும் சர்வர் சில நாட்களாகவே திணறிக்கொண்டிருந்தது, மெமரியில் கோளாறா என்று பார்க்க வேண்டும். அதற்கான புரோகிராம் நெட்வொர்க்கில் இருந்தது. ஆக, ஒரே ஒரு முறை சர்வரை நெட்வொர்க்கிலிருந்து கிளப்ப வேண்டும். பூட் மெனுதான் அதற்கு வழி. என் தங்கை அந்தச் சில வினாடிகளைத் தவறவிட்டாள். கவனம் வேறெங்கோ இருந்தது. விட்டதைப் பிடிக்க மறுபடி அணைத்து ஆன் செய்தால் பன்னிரண்டு நிமிடம் போகும், பெரிய சர்வர்கள் எழுந்திருக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளுமாம். அடுத்த திரையில் அமைப்புகளுக்குள் போகும் விசை வேலை செய்தது. உள்ளே போய், பட்டியலில் நெட்வொர்க்கை மேலே ஏற்றினாள். டிஸ்க் இரண்டாவது இடத்துக்கு இறங்கியது. சோதனை முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

சோதனை முடிந்தது. மெமரியில் கோளாறு இல்லை. நெட்வொர்க்கில் இருந்த சோதனைப் புரோகிராமை நிறுத்தினாள். சர்வரை ஆன் செய்தாள். சர்வர் நெட்வொர்க்கைக் கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, டிஸ்க்குக்குப் போனது, ஒழுங்காக எழுந்து நின்றது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருந்தது. அவள் சாப்பிடப் போனாள்.

நாற்பத்து மூன்று நாள் அந்தப் பட்டியல் அப்படியே இருந்தது.

இதற்கிடையில் பதிவுக் கவுன்டர்களுக்கு முப்பது புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து இன்ஸ்டால் செய்வது பெரிய வேலை என்பதால், நெட்வொர்க் பிரிவினர் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நெட்வொர்க்கிலிருந்து கிளம்பக் கேட்கிற எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும், கேள்வி கேட்காமல் அதன் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடும். சர்வர்களுக்கு இதனால் ஆபத்து வரும் என்று யாரும் நினைக்கவில்லை. சர்வர்கள் எல்லாமே டிஸ்க்கிலிருந்துதானே கிளம்பும்.

நாற்பத்து மூன்றாவது நாள், ஒரு புதன்கிழமை காலை, மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிகளை மாற்றினார்கள். அதற்காக எல்லா சர்வர்களையும் அணைத்து ஆன் செய்ய வேண்டும். பதினெட்டு படிகள் கொண்ட ஒரு தாள் உண்டு. நிதானம் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுப் படித்து, செய்து, டிக் அடித்துக்கொண்டே வந்தார். பதினெட்டாவது படியில் அந்த சர்வரை ஆன் செய்தார். வழக்கமான திரைக்குப் பதிலாக நீலத்தில் ஒரு பட்டை நகர்ந்தது. நெட்வொர்க் பிரிவுக்கு போன் போட்டார். அப்டேட்டாக இருக்கும், நடுவில் அணைத்துவிடாதீர்கள் என்றார்கள். அப்டேட்டை நடுவில் அணைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். பேட்டரி மாற்ற வந்தவர்கள் அந்தப் பக்கமாக வயர்களைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். யாராவது தெரியாமல் காலால் இடறிவிடப் போகிறார்களே என்று, இரண்டு கைகளையும் விரித்தபடி சர்வருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஏழு நிமிடம் அப்படியே நின்றார்.

அந்த ஏழு நிமிடத்தில்தான் எல்லாம் அழிந்தது. அவர் அதற்குக் காவல் நின்றிருக்கிறார்.

(இந்த இடத்தில் நான் ஒரு உவமை போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார் என்பதே போதும்.)

பேக்கப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். பதினொரு நாள் முடிவுகள் போயின, மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடையவை. பெரியவர்கள் திரும்ப வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். கைக்குழந்தைகளுக்கு அப்படி இல்லை. குழந்தை தூங்கும்போதுதான் சோதிக்க முடியும். தாய்மார்கள் மறுபடி வந்து, தூங்கவைத்து, விழித்துவிட்டால் மறுபடி தூங்கவைத்து, பாதிநாள் காத்துக் கிடக்க வேண்டும். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போன் செய்யும் வேலையை நிதானம் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேலாளருக்கு விஷயம் தெளிவாகவே தெரிந்தது: ஆன் செய்யும்போது பூட் மெனுவில் தப்பான எதையோ அழுத்திவிட்டார். இல்லை என்றார் நிதானம். முதல் நாள் உறுதியாகச் சொன்னார். இரண்டாவது நாள், இல்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார். நான்காவது நாள் எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதத்தில், கவனக்குறைவால் ஏதேனும் விசையை அழுத்தியிருக்கக்கூடும் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்குள், முதல் நாளே, அழிந்த சர்வரைச் சீராக்க உட்கார்ந்த என் தங்கை அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். முதலில் நெட்வொர்க், பிறகு டிஸ்க். தப்பாக இருக்கிறதே என்று கை தானாகவே அதைச் சரியாக அடுக்கிச் சேமித்துவிட்டது. சேமித்த பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தது அவள் ஒருத்திதான். இருந்த ஒரே சாட்சியையும் அவள் கையே திருத்திவிட்டது.

6

கவனம் வேறெங்கோ இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள். தாண்டிப் போகட்டும் என்றுதான் அப்படி எழுதினேன்.

முதல் வரைவில் இருந்தது இது: "அப்போது அவளுக்கு ஏதோ ஒரு விளம்பர அழைப்பு வந்தது." பச்சைப் பொய்.

திங்கட்கிழமை அவளுடைய வேலைக் குறிப்பேட்டைப் பார்த்துத் தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மெமரி சோதனை செய்த செவ்வாய்க்கிழமையின் தேதி எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். அன்று பதினொன்று இருபதுக்கு நான் அவளை அழைத்திருக்கிறேன். முப்பத்து நான்கு நிமிடம் பேசியிருக்கிறேன்.

என்ன பேசினேன் என்பதும் நினைவிருக்கிறது. ஒரு கதையின் முதல் பத்தியைப் படித்துக் காட்டினேன். மழை ஓய்ந்த தெரு ஒன்றைப் பற்றிய பத்தி. வேலையாக இருக்கிறேன் அண்ணா என்று எடுத்தவுடனேயே சொன்னாள். இரண்டே நிமிடம் என்றேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அத்தனை இரைச்சலில், "ம்", "ம்" என்று கேட்டாள். தெரு நனைந்திருந்தது நன்றாக இருக்கிறதா, ஈரமாக இருந்தது நன்றாக இருக்கிறதா என்று நான் மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். அந்தச் சில வினாடிகள் எந்தச் சொல்லுக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதையை நான் முடிக்கவே இல்லை.

உடனே அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அதையே பிடிச்சுக்குவே. அப்புறம் நான் உனக்கு ஆறுதல் சொல்லிட்டு உக்காந்திருக்கணும்."

என்னை இவ்வளவு சரியாக எந்த விமர்சகரும் சொன்னதில்லை.

7

இந்த வாரம் புதன்கிழமை அவள் நிதானத்தைப் போய்ப் பார்த்தாள். மேலாளரிடம் போவதற்கு முன்னால் அவரிடம்தான் போக வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தாள். இதில் என் பங்கு எதுவும் இல்லை, நான் சொன்ன யோசனையும் இல்லை.

பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறையில் ஒரு மேசை, ஒரு போன், இருநூற்றுப் பன்னிரண்டு பெயர் உள்ள பட்டியல். நூற்று எழுபதுக்கு மேல் டிக் அடித்திருந்தார். யாரோ ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தார், குழந்தை எத்தனை மணிக்கு வழக்கமாகத் தூங்கும் என்று கேட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவர் போனை வைக்கும்வரை என் தங்கை கதவருகே நின்றாள். அறையில் சென்ட் வாசனை இல்லையே என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டதாம்.

நின்றபடியே சொன்னாள். நான்தான் வரிசையை மாற்றினேன், திருப்பி வைக்க மறந்துவிட்டேன், நீங்கள் ஆன் மட்டும்தான் செய்தீர்கள், எதையும் அழுத்தவில்லை என்றாள்.

"அப்ப பதினெட்டு ஸ்டெப்பும் நான் சரியாத்தான் பண்ணேனா மேடம்?"

"சரியாத்தான் பண்ணீங்க சார்."

"பதினெட்டும்?"

"பதினெட்டும்."

உட்காருங்கள் என்றார். அவள் உட்கார்ந்தாள். சமையல் முடிந்ததும் கேஸை மூடிவிட்டேனா என்று இப்போதெல்லாம் நான்கு தடவை எழுந்து போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். முதலில் அவர் மனைவி சிரித்தாராம், இப்போது சிரிப்பதில்லையாம். வண்டியைப் பூட்டியதும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, பூட்டினேனா என்று திரும்பிப் போகிறாராம். இந்தக் கையை நம்பித்தானே இத்தனை வருடம் ஓட்டினேன் என்று சொல்லி, கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

பிறகு கேட்டார்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"ரெண்டு வாரமா?"

அவள் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார். போனை எடுத்து அடுத்த எண்ணைப் போட்டார்.

இந்த இடத்தில் நான், "அவருடைய கண்களில் கோபமில்லை, மன்னிப்பு மட்டுமே—" என்று எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு, "அவர் மன்னிச்சாருன்னு நான் சொல்லலையே" என்றாள். அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் அவர் எனக்கு முழு மனிதராகத் தெரிந்தார்.

8

அறிக்கைக்கு வருகிறேன். ஒருவழியாக நான் எழுதிக்கொடுத்தது நான்கு பக்கம் வந்தது. படித்துவிட்டு, பூசி மெழுகியிருக்கிறாய் என்றாள். நான் எதையும் மறைக்கவில்லையே என்றேன். மறைக்கவில்லை, ஆனால் படிக்கிறவருக்கு என்மேல் பாவம் வருகிற மாதிரி எழுதியிருக்கிறாய் என்றாள். அவளே பேனாவை எடுத்தாள். ஆறு வரி எழுதினாள். எந்தத் தேதியில் எதை மாற்றினாள், ஏன், எதைத் திருப்பி வைக்க மறந்தாள், எப்போது அது தனக்குத் தெரியவந்தது, எத்தனை நாள் சொல்லாமல் இருந்தாள், நிதானம் எந்தத் தவறும் செய்யவில்லை. வார்த்தையே வராது என்று சொன்னவள்.

போன் அழைப்பு அதில் இல்லை. அதைச் சேர்க்கச் சொன்னேன். முழு உண்மை என்றால் அதுவும்தானே என்று வாதாடினேன்.

"வேலை நேரத்துல போனை எடுத்தது நான். உன் பேரைப் போட்டா எனக்குப் பாதி கொறையும். எனக்குக் கொறைய வேண்டாம் அண்ணா."

அவளுடைய தவறை அவள் முழுசாக எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருக்கும் என்னுடையதை வைக்க இடமில்லாமல் போனது. அறிக்கையில் இடமில்லாததைத்தான் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

9

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் அரைகுறை.

(அ) மேலாளர் ஆறு வரியையும் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று— வேண்டாம். அப்படிப் பேசும் மேலாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நீங்கள் சந்தித்திருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

(ஆ) இரண்டு பேருடைய வேலையும் போகிறது. அவருக்கு, கடிதத்தில் ஒத்துக்கொண்டதற்காக. அவளுக்கு, ஒத்துக்கொள்ளாமல் இருந்ததற்காக. படியிறங்கி வரும்போது இருவரும் ஒரு வார்த்தை— இது நடக்கக்கூடியதுதான். ஆனால் கதை கசந்தால்தான் உசத்தி என்று நினைக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

(இ) கதவு வரைக்கும் போகிறாள். அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறாள். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத்தாளன் தன் பாத்திரத்தை எந்த நிலையிலும் கற்பனை செய்யத் தயங்கக் கூடாது என்பார்கள். அவர்களுக்குத் தங்கை இருந்திருக்க மாட்டாள்.

10

வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று ஐம்பது.

இதை மருத்துவமனையின் இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில், வரிசையாகப் போட்டிருக்கும் இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வருகிறேன் என்று சொன்னபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தாய், தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். குழந்தை தூங்குகிற மாதிரி தெரியவில்லை. இவரும் இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவரா என்று கேட்க வாய் வரை வந்தது, மென்று விழுங்கிவிட்டேன். நான் எழுதுவதைப் பார்த்து, ஃபார்ம் பூர்த்தி செய்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. பேனாவை ஒரு நிமிடம் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேதியை எழுதினார். திருப்பிக் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு நிதானம் உள்ளே போனார். நான் நினைத்திருந்ததைவிட உயரம். என்னைக் கடந்தபோது லேசாக சென்ட் வாசனை வந்தது. என்னை அவருக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் என் தங்கை போனாள், கையில் ஒரே ஒரு தாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவர் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். அது மரியாதையா, பழக்கமா, வேறு எதுவுமா என்று என்னால் சொல்ல முடியாது. இது நான் கற்பனையாக எழுதுவதாக இருந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

ஐம்பது நிமிடமாகக் கதவு மூடியிருக்கிறது. குரல்கள் கேட்கின்றன, வார்த்தைகள் கேட்கவில்லை. ஒருமுறை நாற்காலி இழுபடும் சத்தம். ஒருமுறை நிதானத்தின் குரல், எதையோ வாய்விட்டுப் படிப்பதுபோல், நிறுத்தி நிறுத்தி. அவளுடைய ஆறு வரியைப் படிக்கிறாரா, தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் படிக்கிறாரா, தெரியவில்லை. இரண்டில் எது என்பதில் முடிவு பாதி இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கிடக்கும் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நான்காவதாக ஒன்று தோன்றினால் அது என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும்.

கதவு திறக்கிறது.

அவள்தான். ஒரு நல்ல எழுத்தாளன் இந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்ப்பான். கையில் அந்தத் தாள் இருக்கிறதா இல்லையா, பின்னால் வருகிறவர் அவளோடு சேர்ந்து நடக்கிறாரா விலகி நடக்கிறாரா, எல்லாவற்றையும் ஒரு பார்வையில் அள்ளி, உங்களுக்கு ஒரு வரியில் கொடுத்துவிடுவான். அந்த வரி எனக்கு இப்போது வந்துகொண்டேகூட இருக்கிறது.

அவள் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்க்கிறாள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடுகிறாள். நோட்டை மூடுகிறேன்.